ஒரு மடி, இரண்டு துண்டு

எங்கள் பக்கம் மழை பெய்தாலும் பேச்சு, பெய்யாவிட்டாலும் பேச்சு. இரண்டிலும், பயிர் இன்சூரன்ஸ் பணம் கேட்கிற கிளைம் என்ற சொல் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். திருச்சுழி பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கிறவர்கள் சௌக்கியமா என்று கேட்பதற்கு முன்னால் "கிளைம் ஏறிருச்சா?" என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். மக்காச்சோளம் கருகினாலும் கிளைம், உளுந்து பூக்கிற நேரத்தில் மழை அடித்துவிட்டாலும் கிளைம். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் தொடங்குவதற்கு முன்பே எனக்கு வாயில் வந்த ஆங்கிலச் சொல் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இப்போது நான் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் இன்சூரன்ஸ் பார்க்கிற இடத்தில் வேலை செய்கிறேன். விடிந்தால் அடைந்தால் அந்தச் சொல்லோடுதான் பிழைப்பு. போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, "அக்கா, கிளைம்னா தமிழ்ல என்னக்கா?" என்று கேட்டாள். உரிமை கோருவது என்று சொன்னேன். சொன்னபிறகு எனக்கே சப்பென்று இருந்தது. சரியான அர்த்தம்தான், ஆனால் உப்பு இல்லை. அந்தச் சொல்லின் உப்பு என்னவென்று எனக்குத் தெரிந்தது என் காது குத்திய அன்றைக்கு. தெரிந்தது என்று சொல்வதும் தப்பு. கண்ணுக்கு நேரே நடந்தது, புரியவில்லை.

அந்தச் சொல்லை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் என் சித்தப்பா. தாலுகா ஆபீஸ் எதிரே ஒரு சின்ன அறையில் கம்ப்யூட்டர் வைத்து, சம்சாரிகளுக்குப் பயிர் இன்சூரன்ஸ் பதிந்து கொடுப்பது அவர் தொழில். அந்தச் சொல் அவர் நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் கூட்டம் நெரிகிற பஸ்ஸுக்குள் ஜன்னல் வழியாகக் கர்ச்சீப்பைப் போட்டுவிட்டு, "சீட்ட கிளைம் பண்ணியாச்சு, மெதுவா ஏறு" என்பார். ஏறிப் பார்த்தால் கர்ச்சீப்பின் மேலேயே ஒருவர் உட்கார்ந்திருப்பார். சித்தப்பா சட்டம் பேசுவார். அவரும் பேசுவார். நான் பாதி வழி வரைக்கும் நின்றுகொண்டே போவேன். யாராவது பக்கத்துக்காரன் மாடு வந்து பயிரை மேய்ந்துவிட்டது என்று சொன்னால், "அவுக அப்படி கிளைம் பண்றாக" என்று உதட்டைப் பிதுக்குவார். அப்படியானால் அது உண்மையா என்று இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம். ஒரே சொல் அவரிடம் கேட்பதாகவும் இருக்கும், பிடிப்பதாகவும் இருக்கும், சந்தேகப்படுவதாகவும் இருக்கும். எங்கள் அப்பா உரக்கடை வைத்திருந்தார். அவர் வாயைத் திறந்தால் விலை மட்டும்தான் வரும் என்பதால், வீட்டில் இந்த மாதிரிப் பேச்சுக்கெல்லாம் சித்தப்பாதான்.

என் காது விஷயத்துக்கு வருகிறேன். ஒன்பது வயது வரைக்கும் எனக்குக் காது குத்தவில்லை. ஒரு வயதில் குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டபோதே குத்தியிருக்க வேண்டும். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல், அடுத்த மாசி மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டார்கள். அந்த மாசி வருவதற்குள் என் மாமாக்கள் இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுவிட்டது.

எங்கள் பக்கம் குழந்தையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள். மடி இல்லாமல் காது இல்லை. அம்மாவுக்கு ஒரு அண்ணன், ஒரு தம்பி. அண்ணனான பெரிய மாமா பரளச்சிப் பக்கத்தில் பிறந்த வீட்டிலேயே இருந்து விவசாயம் பார்த்தார். தம்பியான சின்ன மாமா அருப்புக்கோட்டையில் லோடு வண்டி ஓட்டினார், நிலத்தில் தன் பங்கையும் விடாமல் உழுதார். அய்யா என்று அவர்கள் கூப்பிடும் தகப்பனார் போனபிறகு இரண்டு பேரும் அவர் நிலத்தைப் பிரித்துக்கொண்டபோது நடு வரப்பில் ஒரு வேப்பமரம் நின்றது. தான் பிறந்த அன்றைக்கு அய்யா நட்ட மரம், அதனால் அது தன்னுடையது என்றார் பெரிய மாமா. மரத்தின் நிழல் விழுந்து பயிர் சோடையாகப் போவது தன் பக்கத்தில்தான், நட்டம் யாருக்கோ அவருக்குத்தான் மரமும் என்றார் சின்ன மாமா. அதோடு சரி. அவர் வரும் வீட்டுக்கு இவர் வரமாட்டார். இவர் இருக்கும் கல்யாணப் பந்தியில் அவர் சாப்பிடமாட்டார்.

அப்பா ஒரு முறை, "ஒரு புள்ளைக்கு ஒரு மடி போதும்ல" என்று சொல்லிப் பார்த்தார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அன்றைக்குக் கடைக்குச் சீக்கிரமே போய்விட்டார். அம்மாவுக்கு இருந்தது ஒரே பிடிவாதம்தான். அண்ணனும் தம்பியும் ஒரே நாளில் வந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் காதே குத்த வேண்டாம். ஒருவர் மடியில் உட்காரவைத்துவிட்டால் இன்னொருவர் அதோடு வாசல் மிதிக்க மாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். பிறந்த வீடு என்று அவளுக்கு மிஞ்சியிருந்தது அந்த இரண்டு பேர்தான்.

இதில் அடிபட்டது நான். வகுப்பில் எல்லாப் பெண்களும் தோடு போட்டிருக்க, நான் ஜிகினா ஸ்டிக்கர் பொட்டைக் காது மடலில் ஒட்டிக்கொண்டு போவேன். வியர்த்தால் அது வழுகிக் கழுத்துக்கு வந்துவிடும். ஆண்டு விழா நாடகத்தில் காது குத்தாத ஒரே காரணத்துக்காக எனக்கு ராஜா வேஷம் கொடுத்தார்கள். மற்றவர்கள் பொறாமைப்பட்டார்கள், நான் மீசையோடு வீட்டுக்கு வந்து அழுதேன். அந்த மீசையைப் பார்த்துத்தான் சித்தப்பாவுக்கு மனசு இளகியது.

"மதினி, விடுங்க. நான் முடிச்சித் தாரேன்" என்றார்.

முடித்த விதம் இதுதான். பரளச்சிக்குப் போய்ப் பெரிய மாமாவிடம், "மச்சான், மொதல்ல பலகையில உக்கார்றவுகளுக்குத்தான் மடி. நீங்க வெள்ளென வந்துருங்க" என்று ரகசியம்போலச் சொன்னார். அருப்புக்கோட்டைக்குப் போய்ச் சின்ன மாமாவிடமும் அதே ரகசியத்தைச் சொன்னார். எப்படியோ இரண்டு பேரும் வந்து சேர்ந்தால் போதும், மிச்சத்தைச் சாமி பார்த்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. சாமியை நம்பி இப்படிப் பொறுப்பை ஒப்படைப்பதில் எங்கள் குடும்பத்தில் அவருக்கு இணை இல்லை.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் தொடங்குவதற்குள் குத்திவிட வேண்டும். எங்கள் குலதெய்வம் கரிசல் காட்டுக்கு நடுவே தகரக் கொட்டகையில் இருக்கிறது. சுற்றிலும் உடைமரங்கள், கொத்தமல்லி அறுத்த காடு, எட்டுகிற தூரத்துக்கு ஒரு வீடு கிடையாது. நாங்கள் வேனில் போய் இறங்கும்போதே சின்ன மாமாவின் லோடு வண்டி அங்கே நின்றது. விடியும் முன்னே வந்து, மடியில் வைத்துக் குத்துவதற்குப் போட்டிருந்த மணைப்பலகையில் தன் சிவப்புத் துண்டை விரித்துப் போட்டுவிட்டு, கொண்டுவந்த கிடாயை நிழலுக்கு மாற்றிக் கட்டப் போயிருந்தார். பஸ்ஸில் சீட்டுப் பிடிக்கப் போடுகிற மாதிரிதான். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரிய மாமாவின் பைக் வந்தது. இறங்கினார், பலகையைப் பார்த்தார். சிவப்புத் துண்டை நாலாக மடித்தார். சண்டைக்காரனின் துண்டு என்றாலும் கசக்கவில்லை, அழகாகத்தான் மடித்தார். அதை லோடு வண்டியின் கண்ணாடியில் மாட்டிவிட்டு, தன் வெள்ளைத் துண்டைப் பலகையில் விரித்தார்.

திரும்பி வந்த சின்ன மாமா வானத்தைப் பார்த்துக் கேட்டார். "யாரு இங்க போட்ட துண்ட எடுத்தது?"

இருவரும் நேராகப் பேசிக்கொள்ள மாட்டார்கள் என்பதால், இடையில் ஒரு ஆள் தேவைப்பட்டது. அருப்புக்கோட்டையிலிருந்து வந்திருந்த காது குத்தும் ஆசாரி பாவம், அவர்தான் பக்கத்தில் இருந்தார்.

"ஆசாரி, துண்டு போட்டா ஆளு உக்காந்திருக்கணும். ஆளில்லாத் துண்டு செல்லாதுன்னு அவன்ட்ட சொல்லும்" என்றார் பெரிய மாமா.

"ஆசாரி, கெடாயக் கட்டப் போறவன் பலகையோடயா போவான்? அத அவுகட்ட கேளும்" என்றார் சின்ன மாமா.

ஆசாரி இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தன் ஊசியைத் துடைக்கத் தொடங்கினார்.

இந்த இடத்தில்தான் சித்தப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னால் வந்தார். ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு கிளைம் சொல்லுங்கள், ஆதாரத்தோடு சொல்லுங்கள், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறேன் என்றார். கம்ப்யூட்டர் மட்டும்தான் இல்லை. பெரிய மாமா தனக்கு மூத்தவன் என்ற பாத்தியதை இருக்கிறது, மொட்டையும் தன் மடியில்தான் போட்டது, மொட்டை போட்ட மடியில்தான் காதும் குத்த வேண்டும் என்றார். சின்ன மாமா, முடிதான் அவருக்குப் போய்விட்டதே, காது தனக்குத்தான் மிச்சம் என்றார். மேலும் அம்மாவுக்கு வலி எடுத்தபோது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது தன் வண்டிதான், "இன்னும் ரெண்டு மேடு பள்ளம் இருந்திருந்தா புள்ள என் வண்டியிலயே பெறந்திருக்கும்" என்றார். சீர் கொண்டுவந்ததையும் காட்டினார்கள். இரண்டு தட்டு, இரண்டு பட்டுப்பாவாடை, இரண்டு ஜோடித் தோடு. எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். இந்தச் சண்டை இன்னும் கொஞ்ச நேரம் நீண்டால் கொலுசும் வரலாம் என்று தோன்றியது.

சித்தப்பா நெற்றியைத் தடவிக்கொண்டு, "புள்ளைக்கு ரெண்டு காது இருக்குல்ல, ஆளுக்கு ஒண்ணு" என்றார். எல்லோருக்கும் அது நல்லதாகவே பட்டது. ஆசாரி எழுந்து வந்து, "பொம்பளப் புள்ளைக்கு எடது காதுதான் மொதல்ல" என்று ஒரு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் இடது காதுதான் வேண்டும் என்று ஆகிவிட்டது. என் வலது காதைக் கேட்க நாதி இல்லை.

பேச்சு தடித்தது. அதில் ரகசியமும் உடைந்தது. "மொதல்ல உக்கார்றவுகளுக்குத்தான் மடின்னு மாப்ள எங்கிட்டச் சொன்னாரு" என்று பெரிய மாமா சொல்ல, "எங்கிட்டயும் இதத்தான சொன்னாரு" என்று சின்ன மாமா வாய் தவறி அவருக்கே நேராகப் பதில் சொல்லிவிட்டார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு இருவரும் ஒன்றாகச் சேர்ந்தார்கள், சித்தப்பாவைத் திட்டுவதற்கு. திட்டி முடித்ததும் மறுபடி பிரிந்து பழைய இடத்துக்குப் போய்விட்டார்கள். பெரிய மாமா, இந்தப் பலகையில் வேறு யாராவது உட்கார்ந்தால் தன் கால் இனிமேல் திருச்சுழி மண்ணில் படாது என்றார். சின்ன மாமா கிடாயை அவிழ்த்து வண்டியில் ஏற்றப் போனார். ராகு காலத்துக்கு அரை மணி நேரம்கூட இல்லை. என் காது இந்த வருஷமும் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஸ்டிக்கர் பொட்டை நினைத்துக்கொண்டு விசும்பத் தொடங்கினேன்.

அம்மா அதுவரைக்கும் பொங்கல் பானைப் பக்கத்திலிருந்து நகரவில்லை. விறகை வெளியே இழுத்துத் தீயைக் குறைத்தாள். கையில் கரண்டியோடு வந்தாள். அண்ணனையும் பார்க்கவில்லை, தம்பியையும் பார்க்கவில்லை. சித்தப்பாவைத்தான் கேட்டாள்.

"தம்பி, எனக்கும் ஒரு கிளைம் இருக்கு. சொல்லலாமா?"

"சொல்லுங்க மதினி" என்றார் சித்தப்பா. திட்டு வாங்கிய களைப்பு அவருக்கு.

"எங்கய்யாவுக்கு நாங்க மூணு பேரு" என்றாள் அம்மா.

அவ்வளவுதான் சொன்னாள். கத்தவில்லை, கடை பூட்டியாச்சா என்று அப்பாவைக் கேட்கிற குரல்தான். ஆனால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெரிய மாமா வீட்டு அத்தையின் கை அப்படியே நின்றது. சின்ன மாமா கிடாயின் கயிற்றைப் பிடித்தபடி திரும்பினார். அப்பா தரையைப் பார்த்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெரிய மாமா, அம்மா, சின்ன மாமா. மூன்று பேர்தான். இது எனக்கே தெரியுமே, இதை ஒரு விஷயம் என்று சொல்வானேன்?

"ஏத்தா, இப்ப எதுக்கு அந்தப் பேச்சு" என்றார் பெரிய மாமா. குரல் இறங்கிவிட்டது.

"எனக்குப் பெருசா ஒண்ணும் வேண்டாம்ண்ணே. இப்போதைக்கு அந்த வேப்பமரத்த எனக்குக் குடுத்துருங்க. நடு வரப்புல இருக்குற மரம், நடுவுல பெறந்தவளுக்கு இருக்கட்டும். அதப் பத்தி இனிமே ரெண்டு பேரும் வாயத் தெறக்கக் கூடாது."

"எடுத்துக்கக்கா" என்றார் சின்ன மாமா.

"ஒனக்கில்லாததா" என்றார் பெரிய மாமா.

இத்தனை வருஷம் எந்த மரத்துக்காக ஒரே பந்தியில் சாப்பிடாமல் இருந்தார்களோ, அந்த மரத்தைக் கண் மூடித் திறப்பதற்குள் கொடுத்துவிட்டார்கள். அம்மா கேட்ட விதம்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். நானும் வீட்டில் ஏதாவது வேண்டுமென்றால் கையில் கரண்டியோடு கேட்டுப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அம்மா பலகையைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். "ஜமுக்காளத்த விரிங்க. ரெண்டு பேரும் சேந்து உக்காருங்க, நேரமாகுது" என்றாள். உட்கார்ந்தார்கள். தொடையோடு தொடை ஒட்டி உட்கார்ந்த அந்த இரண்டு பேர் மடியிலும் என்னைக் குறுக்கே வைத்தாள். இடது காது குத்தும்போது சின்ன மாமா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். வலது காதுக்குப் பெரிய மாமா என் தலையைத் தன் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். அவர் தொடை நடுங்கிக்கொண்டே இருந்தது. ஊசி எனக்கு, பயம் இவருக்கா என்று அந்த அழுகைக்கு இடையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. தோடு போடுகிற நேரத்தில் மறுபடி சிக்கல் வந்துவிடக் கூடாதென்று அம்மா இரண்டு ஜோடியையும் பிரித்து, ஒரு காதில் சின்ன மாமாவின் பூத்தோடும் மறு காதில் பெரிய மாமாவின் கல்தோடும் போட்டுவிட்டாள். அந்தப் போட்டோவைப் பார்க்கிறவர்கள் இன்றைக்கும் ஒரு தோடு தொலைந்துபோய் மாற்றுத் தோடு போட்டது என்றுதான் நினைக்கிறார்கள்.

கிடாக்கறிப் பந்தியில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பேசிக்கொள்ளவில்லை, ஆனால் பெரிய மாமா இலையில் ரசம் ஓடியபோது சின்ன மாமா தன் இலையிலிருந்து சோற்றை எடுத்து அணை கட்டினார். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே எல்லோருக்கும் பரிமாறினாள். அவள் முகத்தில் அன்று இருந்த நிறைவை நான் அதற்குப் பிறகு என் கல்யாணத்தில்தான் பார்த்தேன்.

அய்யாவின் நிலத்தை மாமாக்கள் இரண்டாகப் பிரித்துக்கொண்டபோது அம்மாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்று என்று இருந்துவிட்டார்கள். அவளும் எனக்கு வேண்டாம் என்று எங்கேயும் கையெழுத்துப் போடவில்லை. மகளுக்கும் சமபங்கு உண்டு என்பது அந்தக் கோயிலில் நின்ற பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். நான் மட்டும்தான் தெரியாதவள். மூணு பேரு என்று அம்மா சொன்னதும் அவர்களுக்குக் கேட்டது அதுதான். மரம் என்று சொன்னதும் வந்தது, பிழைத்தோம் என்கிற மூச்சு. ஆனால் அவர்கள் அந்த 'இப்போதைக்கு' என்பதையும் காதில் வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள்.

அதற்குப் பிறகு ஒரு தீபாவளி தவறியதில்லை, ஒரு பொங்கல் தவறியதில்லை. இரண்டு மாமாவும் சேர்ந்தே வருவார்கள், சீரோடு வருவார்கள். நான் வயதுக்கு வந்தபோதும் சேர்ந்தே பச்சை ஓலைக் குடிசை கட்டினார்கள். என் கல்யாணத்தில் மாலையை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துப் போட்டார்கள். கொஞ்ச நாளில் பயம் பழகிப்போய்ப் பாசமாகிவிட்டதா, ஆதியிலிருந்தே பாசம்தான் இருந்து அதற்கு ஒரு பயம் தேவைப்பட்டதா, எனக்குத் தெரியவில்லை. அம்மா இதுவரைக்கும் அந்தக் கையெழுத்தைப் போடவில்லை. அவர்களும் கேட்டதில்லை. இந்தத் தொழிலில் இருக்கிறவள் என்ற தைரியத்தில் ஒரு நாள், "ஏம்மா, உன் பங்கை அன்னைக்கே கேட்டிருக்கலாம்ல?" என்றேன். "கேக்கலன்னு யாரு சொன்னது" என்று சொல்லிவிட்டு முருங்கைக்கீரை உருவப் போய்விட்டாள்.

காது குத்திய அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் வேன் பஞ்சராகி நிற்க, எல்லோரும் சின்ன மாமாவின் லோடு வண்டியில் திரும்பினோம். பெரிய மாமாவும் பைக்கைக் கோயிலில் போட்டுவிட்டு எங்களோடு ஏறிக்கொண்டார். காது இரண்டும் விண்விண்ணென்று தெறிக்க, நான் பின்னால் சித்தப்பா மேல் சாய்ந்துகொண்டிருந்தேன்.

"சித்தப்பா, அம்மாவோட கிளைம் முடிஞ்சிருச்சா?"

அவர் அம்மாவை ஒரு முறை பார்த்தார். பெரிய மாமாவை ஒரு முறை பார்த்தார்.

"முடியல தாயி. பெண்டிங்" என்றார்.

பெரிய மாமா வேகமாகக் காட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா சிரிப்பை முந்தானையில் துடைத்தாள். மரம் இன்னும் வந்து சேராததைத்தான் சொல்கிறார் என்று நான் புரிந்துகொண்டேன். அவ்வளவு பெரிய வேப்பமரத்தை வேரோடு பிடுங்கி, இந்தச் சின்ன வண்டியில் எப்படி ஏற்றித் திருச்சுழிக்குக் கொண்டுவரப் போகிறார்கள் என்று கவலைப்பட்டுக்கொண்டே தூங்கிப்போனேன்.